ஒருவருக்கு ஓர் உலை

தில்லைக் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு நாள்களே அபிஷேகம். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திர நாள்களும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி நாள்களும் அந்த ஆறு நாள்கள். மானிடர்க்கு ஓர் ஆண்டு என்பது தேவர்க்கு ஒரு நாள். அந்த ஒரு நாளின் ஆறு காலப் பூசைகளே இந்த ஆறு அபிஷேகங்கள் என்று ஆன்றோர் கூறுவர்.

இந்த ஆறு நாள்களைப் பற்றிக்கொண்டு தம் வீட்டு அடுப்பை மீண்டும் மூட்டிய ஒரு மூதாட்டியின் ஓராண்டுச் சமையல் இது.

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அந்த அம்மையாரின் ஓட்டு வீடு. வயது எழுபத்தொன்று. எட்டுப் பேருக்குக் குறையாமல் நாற்பது ஆண்டுகள் சமைத்த கை. மாமனார், மாமியார் காலமாயினர். நாத்தனார்கள் மணமாகிச் சென்றனர். மகன் வேலை நிமித்தம் பெங்களூரில் குடியேறினார். இறுதியாகக் கணவரும் ஒரு பங்குனியில் சிவபதம் அடைந்தார். துக்க ஆண்டில் பண்டிகை இல்லை, பலகாரம் இல்லை. அந்த ஓராண்டில் அடுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. காலையில் ஒரு காபி, பகலில் முதல் நாள் சோற்றில் மோர், இரவில் இரண்டு பிஸ்கட்டுகள் என்று நாள்கள் கழிந்தன. பூசை அறையில் நிவேதனமும் சுருங்கிச் சுருங்கி ஒரு வாழைப்பழமாயிற்று. சில நாள் அதுவும் இன்றி நான்கு கற்கண்டோடு நின்றது.

முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்த மகன், தாயின் தோளெலும்பு புடைத்திருப்பதைக் கண்டு கலங்கினார்.

"அம்மா, நீ சரியாகச் சாப்பிடுவதில்லை. தனியாக இருந்தது போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடு."

அம்மையார் உடனே மறுமொழி சொல்லவில்லை. தம் ஒருவருக்காக உலை வைப்பது வீண் என்று தாமே எண்ணத் தொடங்கியிருந்தார். ஆயினும், மணமாகி வந்த நாள் முதல் கேட்டுவரும் கோயில் மணியோசையை விட்டுச் செல்லவும் மனம் இடம் தரவில்லை. "அடுத்த திதி வரை இருந்து பார்க்கிறேன்" என்று மட்டும் கூறினார். மகனும் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார்.

சித்திரைத் திருவோணம்: தயிரன்னம்

சித்திரைத் திருவோணத்தன்று மாலை, கோயிலுக்குச் செல்லும் வழியில் வழக்கமான பூக்காரம்மாவிடம் அம்மையார் பூ வாங்கினார். அவரும் வயதானவர், வாசற்படியருகே கூடை வைத்துப் பல ஆண்டுகளாகப் பூ விற்பவர். முழம் போட்டுக்கொண்டே இயல்பாகக் கேட்டார்.

"இன்னிக்கு அபிசேகமாச்சேம்மா. வீட்ல சாமிக்கு என்ன படைச்சீங்க?"

அம்மையாருக்கு வாய் எழவில்லை. அபிஷேக நாளில் தம் வீட்டுப் பெருமான் முன்னே ஒரு வாழைப்பழத் தோல் கிடப்பது நினைவுக்கு வந்தது. பூவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார், அடுப்பை மூட்டினார்.

அன்று அவர் செய்தது தயிரன்னம். ஓராண்டாக எதைப் பழையதாக உண்டு வந்தாரோ, அதையே புதிதாகச் செய்து பெருமானுக்குச் சமர்ப்பிக்க விரும்பினார்.

அரை ஆழாக்குப் பச்சரிசியைக் களைந்து, ஒன்றே முக்கால் ஆழாக்கு நீர் விட்டுக் குழைய வேகவிட வேண்டும். எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. ஆகவே அரை ஆழாக்கு என்பது படியில் பதினாறில் ஒரு பங்கு. சோறு சூடாக இருக்கும்போதே கரண்டியால் மசித்து, காய்ச்சிய பால் கால் ஆழாக்கு விட்டுக் கலந்து ஆறவைக்க வேண்டும். நன்கு ஆறிய பின்னரே புளிக்காத தயிர் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டும். சூட்டில் தயிர் சேர்ந்தால் திரிந்துபோகும். அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய இஞ்சி தாளித்துக் கொட்டினால் தயிரன்னம் ஆயிற்று. பல் வலுவற்றோரும் வருத்தமின்றி உண்ணலாம்.

நிவேதனம் ஆகும் முன் ருசி பார்க்கலாகாது என்பது மரபு. அதனால் உப்பைக் கை நிதானத்திலேயே போட்டார். நிவேதனம் செய்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சென்று பூக்காரம்மாவிடம் தந்தார். அவர் ஒரு வாய் உண்டு, சற்று நிறுத்தி, மறுவாய் உண்டார்.

"நல்லாயிருக்கும்மா. உப்பு மட்டும் தூக்கல். சாமி கோவிச்சுக்காது, அடுத்த தபா குறைச்சுப் போடுங்க."

வீட்டுக்கு வந்து தாம் உண்டபோதுதான் அம்மையாருக்கு உண்மை விளங்கியது. உப்பு எடுத்த விரல்கள் இன்னும் எட்டுப் பேருக்கே எடுக்கின்றன.

அலமாரியில் கணவரின் இருமல் மருந்துக் குப்பி ஒன்று எஞ்சியிருந்தது. அதன் மேல் கவிழ்த்திருந்த சிறு குவளையில் இரண்டரை, ஐந்து, பத்து எனக் கோடுகள் இருந்தன. மருந்து கொடுத்த நாள்களில் இரவில் விளக்கடியில் பிடித்துப் பார்த்த கோடுகள். அக்குவளையைக் கழுவித் துடைத்து உப்பு மரவையில் இட்டார். அரை ஆழாக்கு அரிசிக்கு இரண்டரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே உப்பு போதும் என்று இரண்டாம் நாளில் தெரிந்தது. கணவரின் வீட்டுக் கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள்கள் இருந்தன. அதில் நாள், பதார்த்தம், அளவு, உண்டவர் என நான்கு பத்தி கிழித்து எழுதத் தொடங்கினார். முதல் வரியின் நான்காம் பத்தியில், "நானும் பூக்காரம்மாவும்" என்றிருந்தது.

ஆனி உத்திரம்: சம்பா சாதமும் கொத்சும்

ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் மூலவராகிய நடராசப் பெருமானே தேரேறி வீதியுலா வருவது தில்லையின் தனிச்சிறப்பு. வெளியூர் அன்பர்கள் திரண்டு வரும் அந்நாள்களில் ஊரே விருந்துக்கூடமாகும். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் இவ்வூரின் பெயரோடு ஒட்டிப் பிறந்தவை. ஆனித் திருமஞ்சனத்தன்று அம்மையார் அவற்றையே செய்தார்.

நான்கு சிறு கத்தரிக்காய்களே ஒருவருக்குப் போதும். ஒரு தேக்கரண்டி தனியா, அரைத் தேக்கரண்டி கடலைப்பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல், ஐந்தாறு வெந்தயம் ஆகியவற்றைச் சில துளி எண்ணெயில் வறுத்துப் பொடி செய்துகொள்ள வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய கத்தரிக்காயை வதக்கி, மஞ்சள்பொடியும் உப்பும் சேர்த்து, சிறிது நீர் தெளித்து மூடி வேகவிட வேண்டும். வெந்ததும் மத்தால் மசித்து, பாதி நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து விட்டு, பச்சை வாசனை போகக் கொதித்தபின் பொடியைத் தூவ வேண்டும். ஒரு சுண்டைக்காயளவு வெல்லம் சேர்த்து, எண்ணெய் விளிம்பில் பிரியும்போது இறக்க வேண்டும். நிவேதனத்துக்கு ஆதலால் வெங்காயம் இல்லை.

சம்பா சாதத்துக்கு அரிசியை உதிரியாக வடித்து, உருகிய நெய் ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் பொடித்த பொடி, உப்பு ஆகியவை சேர்த்துக் கிளறினால் போதும்.

இதைச் செய்யும்போது அம்மையார் மற்றொரு பாடம் கற்றார். முதன்முறை கொத்சு அடிப்பிடித்துப் போயிற்று. எட்டுப் பேருக்கான அளவை எட்டால் வகுத்து, நீரையும் எட்டில் ஒன்றாக விட்டிருந்தார். சிறு அளவுச் சமையலில் நீர் அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. கொதிக்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். அகன்ற பாத்திரத்தில் ஆவியாகும் நீரும் ஏறக்குறைய அதேதான். ஆகவே பொருளைக் குறைக்கும் விகிதத்தில் நீரைக் குறைக்கலாகாது. பாத்திரம் சிறியதாகவும் அடி கனத்ததாகவும் இருத்தல் வேண்டும். தணல் தணிந்திருத்தல் வேண்டும். பரண்மேல் ஏறியிருந்த, மகன் சிறுவனாக இருந்த நாளில் பருப்பு வேகவைத்த சிறு வெண்கலப் பானை அன்று கீழே இறங்கிற்று. மாமியாரின் ஈயச் சொம்பும் இறங்கிற்று. வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் ஈயம் உருகிவிடும். புளிநீரை விட்ட பின்னரே அதை அடுப்பேற்றி, ஒருவருக்கு மட்டும் ரசம் வைக்கும் வழக்கம் அன்று முதல் தொடங்கியது.

அடுத்த வீட்டுக்கு அண்மையில் குடிவந்த இளம்பெண் கொத்சு மணத்துக்கே எட்டிப் பார்த்தாள். கணவர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். சமையல் அவளுக்குப் புதிது. "பாட்டி, இது எப்படிச் செய்வது?" என்றாள். நோட்டின் நான்காம் பத்தியில் மூன்றாவது ஆள் சேர்ந்தாள்.

ஆவணிச் சதுர்த்தசி: அம்மிணிக் கொழுக்கட்டை

விநாயக சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்ய அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, வறுத்துச் சலித்து வைத்திருந்தார். பூரணக் கொழுக்கட்டை ஐந்து பிடித்ததோடு நிறுத்திக்கொண்டார். முன்னாளில் நூற்றெட்டு பிடித்தவர் ஐந்தோடு நிறுத்தும்போது கை தயங்கத்தான் செய்தது. ஆனால் பிள்ளையார் எண்ணிக்கையைப் பார்ப்பவர் அல்லர். எஞ்சிய மாவு பத்து நாள் கழித்து வந்த ஆவணிச் சதுர்த்தசிக்குப் பயன்பட்டது.

அரை ஆழாக்கு மாவுக்கு முக்கால் ஆழாக்கு நீரைக் கொதிக்கவிட்டு, உப்பும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து, மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறி மூடி வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சுண்டைக்காயளவு உருண்டைகளாக உருட்டி, ஆவியில் பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, உருண்டைகளைப் போட்டுப் புரட்டி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் தூவினால் அம்மிணிக் கொழுக்கட்டை தயார்.

உருட்டுவதற்குப் பொழுது ஆகும். தனியே வாழ்வோர்க்குப் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை உள்ள நேரமே நெடியது. அந்நேரத்தில் விரல்களுக்கு உருண்டையும் நாவுக்குத் திருவைந்தெழுத்தும் கிடைத்தால், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்று உருண்டைகளை எண்ணியவர், நூற்றெட்டில் நின்றது கண்டு தமக்குள் நகைத்துக்கொண்டார்.

புரட்டாசிச் சதுர்த்தசி: கூட்டுச் சுண்டல்

நவராத்திரிக்கு அவ்வாண்டு கொலு வைத்தார். மூன்று படிகளே. நாளுக்கு ஒரு கைப்பிடி பயறு நனைத்தார். ஒன்பது நாளும் முடிந்தபோது ஒவ்வொரு டப்பாவிலும் சிறிது எஞ்சியது. நவராத்திரியை அடுத்து வந்த புரட்டாசிச் சதுர்த்தசிக்கு அவை அனைத்தும் ஒன்று சேர்ந்தன.

கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி ஆகியவற்றை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். பச்சைப்பயறும் காராமணியும் அவ்வளவு நேரம் ஊற வேண்டியதில்லை. அவற்றை மறுநாள் காலையில் நனைத்தால் போதும். இவ்விரு வகையையும் தனித்தனியே வேகவைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் கடலை வேகும் முன் பயறு கரைந்துவிடும். வெந்த பின் உப்புச் சேர்த்து, நீரை வடித்து, கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, துருவிய இஞ்சியும் தேங்காயும் கலக்க வேண்டும். வடித்த நீரைக் கொட்டிவிடலாகாது. அன்றைய ரசத்துக்கு அதுவே சாறு.

பூக்காரம்மாவுக்கு முன்பற்கள் இல்லை. அவருடைய பங்கை மட்டும் அம்மையார் மத்தால் மசித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து தனியே எடுத்துச் சென்றார். நோட்டில் அளவுப் பத்தியில் அதையும் குறித்தார்: "பூக்காரம்மாவுக்கு மசித்தது."

மார்கழித் திருவாதிரை: களியும் தாளகமும்

தில்லையில் திருவாதிரைக் களிக்கு உரியவர் சேந்தனார். விறகு வெட்டி விற்று வாழ்ந்தவர். நாள்தோறும் ஒரு சிவனடியாருக்கு அமுதளித்த பின்னரே தாம் உண்பது என்னும் நியமம் பூண்டவர். ஒரு நாள் பெருமழை. விறகு நனைந்து விலைபோகவில்லை. அரிசி வாங்கப் பொருள் இல்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிளறி, அடியார் வருகைக்குக் காத்திருந்தார். மழையில் நனைந்தபடி ஓர் அடியார் வந்தார். களியை மகிழ்ந்து உண்டார். எஞ்சியதையும் கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் காலை சிற்சபையைத் திறந்தபோது, சன்னிதியில் களி சிதறிக் கிடந்தது. பின்னர்த் திருவாதிரைத் திருவிழாவில் தேர் நகராது நின்றபோது, சேந்தனார் திருப்பல்லாண்டு பாடத் தேர் நகர்ந்தது என்பது வரலாறு. அத்திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் உள்ளது.

இக்கதையை அம்மையார் எத்தனையோ முறை கேட்டவர். களியின் பெருமையைச் சொல்வது என்றே அதுவரை எண்ணியிருந்தார். அவ்வாண்டு திருவாதிரைக்கு அரிசி வறுக்கும்போதுதான், அது பசித்திருந்தும் வாசலைப் பார்த்திருந்த ஒருவரின் கதை என்பது உறைத்தது. சேந்தனார் வீட்டில் அன்று இருந்ததும் சிறிதளவு மாவுதான். அதைத் தமக்கு மட்டும் என்று அவர் கிளறவில்லை.

அரை ஆழாக்குப் பச்சரிசியைப் பொன்னிறமாக வறுக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைத் தனியே வாசம் வர வறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ரவையாக உடைத்து, ஒன்றரை ஆழாக்குக் கொதிநீரில் தூவி, தணிந்த தீயில் மூடி வேகவிட வேண்டும். நன்கு வெந்த பின்னரே, அரை ஆழாக்குக்குச் சற்று மேலாக எடுத்த வெல்லத்தூளைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். வெல்லம் முன்னரே சேர்ந்தால் அரிசி வேக மறுக்கும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், இரண்டு தேக்கரண்டி நெய், ஏலக்காய், நெய்யில் வறுத்த நான்கு முந்திரி சேர்த்து, உதிரும் பதத்தில் இறக்க வேண்டும்.

களிக்குத் துணை தாளகம். ஏழு காய்கள் வேண்டும். தனி ஒருவர் ஏழு காய்களை வாங்கி என்செய்வது? காய்க்கடையில் பூசணியிலும் பரங்கியிலும் ஒவ்வொரு கீற்று, வாழைக்காய் ஒன்று, சர்க்கரைவள்ளி ஒன்று, சேப்பங்கிழங்கு இரண்டு, அவரையும் மொச்சையும் ஒவ்வொரு பிடி என்று கேட்டார். கடைக்காரர், திருவாதிரை என்றதும் நிறுக்காமலே பையில் இட்டார். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், எள், தேங்காய் ஆகியவற்றை வறுத்து அரைத்து, புளிநீரில் வெந்த காய்களோடு சிறிது வெந்த துவரம்பருப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் தாளகம்.

இனிப்பை மருத்துவர் அம்மையாருக்கு வரையறுத்திருந்தார். பெருமானுக்கு உரிய களியில் வெல்லத்தைக் குறைக்க அவர் விரும்பவில்லை. தம் பங்கைக் குறைத்துக்கொண்டார். ஒரு தேக்கரண்டிக் களி தமக்கு. மற்றவை பூக்காரம்மாவுக்கும், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும், காய்க்கடைக்காரருக்கும், தேர் பார்க்க வந்து திண்ணையில் தங்கிய வெளியூர்த் தம்பதியருக்கும். அன்று மட்டும் அரை ஆழாக்கு போதவில்லை. இரண்டாம் முறையும் உலை வைத்தார்.

மாசிச் சதுர்த்தசி: பாசிப்பருப்புப் பாயசம்

ஆறாவது அபிஷேக நாள் நெருங்கியபோது அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளாக எழ இயலவில்லை. ஐந்து அபிஷேகங்கள் ஆயின. ஆறாவது வாழைப்பழத்தோடு போகுமோ என்ற எண்ணம் காய்ச்சலை விட அதிகம் வருத்தியது. அடுத்த வீட்டுப் பெண் ரசஞ்சாதம் கொண்டு வந்தாள். அம்மையாரின் ஈயச் சொம்பைக் கேட்டு வாங்கிச் சென்று வைத்த ரசம். கட்டிலருகே அமர்ந்து, "நாளைக்கு நான் செய்கிறேன் பாட்டி. நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

அம்மையார் படுத்தபடியே சொன்னார். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, ஒரு ஆழாக்கு நீரில் மலர வேகவிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து ஒரு கொதி விட வேண்டும். இறக்கி வைத்துச் சூடு தணிந்த பின்னரே, காய்ச்சி ஆறிய பால் கால் ஆழாக்கு விட வேண்டும். கொதிக்கும் வெல்லத்தில் பாலை விட்டால் திரிந்துவிடும். ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை.

மறுநாள் சிறு வெண்கலப் பானையில் பாயசம் வந்தது. அப்பெண்ணே விளக்கேற்றி, மணியடித்து, நிவேதனம் செய்தாள். அம்மையார் கட்டிலிலிருந்தே கைகூப்பினார். அன்றைய வரியை எழுதியதும் அவளே. "உண்டவர்" என்னும் பத்தியில் முதலில் "பாட்டி" என்று எழுதியிருந்தாள்.

பங்குனியில் வந்த மகன்

திதிக்கு மகன் வந்தார். பயணப் பையில் தாயின் துணிகளுக்கும் இடம் விட்டே வந்திருந்தார். திதி முடிந்த மாலை, பேச்சைத் தொடங்கும் முன் சமையலறைக்கு நீர் அருந்தச் சென்றார். மேடைமேல் சிறு வெண்கலப் பானை பளபளத்தது. உப்பு மரவையில் தந்தையின் மருந்துக் குவளை இருந்தது. அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் தந்தையின் கணக்கு நோட்டு. முதற்பாதியில் தந்தையின் எழுத்து: பால் இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு. அதன்பின் தாயின் எழுத்து.

அவர் அளவுகளைப் படிக்கவில்லை. நான்காம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழ்வரை விரலோட்டிப் படித்தார். பூக்காரம்மா. அடுத்த வீட்டுப் பெண். தபால்காரர். காய்க்கடைக்காரர். மழைக்கு ஒதுங்கிய ஓதுவார். திண்ணையில் தங்கிய தம்பதியர். தனியே உண்ட நாள்களும் இருந்தன; அங்கெல்லாம் "நான்" என்று மட்டும் இருந்தது. ஆனால் எந்த நாளும் வெற்றாக இல்லை.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"அம்மா, எங்கள் வீட்டில் களி கிளறினால் கட்டியாகிவிடுகிறது. வெல்லம் எப்போது சேர்க்க வேண்டும்?"

அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார். பெங்களூர்ப் பேச்சு இனி வராது என்பது அந்தக் கேள்வியிலேயே புரிந்தது. "அரிசி நன்கு வெந்த பிறகு" என்றார். "கோடை விடுமுறைக்கு நானே வந்து பேரனுக்குச் செய்து தருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். ஆனித் திருமஞ்சனத்துக்கு முன் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்."

மறுநாள் காலை மகன் புறப்பட்டுச் சென்றார். வாசலில் நின்று வழியனுப்பிய அம்மையார், அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தார். முன்னாளாயின் அந்நேரத்தில் வீடு வெறிச்சென்றிருக்கும், நாற்காலியில் அமர்ந்துவிடுவார். அன்று கோயிலில் காலைப் பூசையின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அரை ஆழாக்கு அரிசியை அளந்தார். பூக்காரம்மாவின் பங்கை எண்ணி, அதன்மேல் ஒரு பிடி சேர்த்தார். களைந்து உலையில் இட்டார்.

தனித்து வாழும் அன்பர்கள் பலர் இன்று ஊர்தோறும் உள்ளனர். தமக்காகச் சமைக்கச் சோம்பும் கை, பெருமானுக்கு என்றால் எழும். அவருக்குப் படைத்தது ஒருவருக்கு மட்டும் என்று நிற்பதில்லை. வாசலில் யாரேனும் வருவர். வரும் சித்திரைத் திருவோணத்தன்று அரை ஆழாக்கு அரிசியில் தயிரன்னம் செய்து நிவேதனம் செய்யலாம். உப்பை மட்டும் சற்றுக் குறைவாகப் போடுவது நன்று.

திருச்சிற்றம்பலம்.